பரிசு தரும் கை: கழுத்துத் தண்டுவடக் காயமுற்ற ஒருவரும் அவருடைய உதவி நாயும்

கைப்பேசி கீழே விழுந்தது. நாற்காலியின் வலப்பக்கச் சக்கரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அவர் "எடு" என்றார். நிலா எழுந்தாள். கைப்பேசியைப் பார்த்தாள், பிறகு தலையைத் திருப்பிச் சமையலறை வாசலைப் பார்த்தாள். அங்கே அவருடைய அக்கா நின்றிருந்தார். நிலா கைப்பேசியைக் கவ்வி எடுத்து, நேராக நடந்துபோய், அக்காவின் கையில் கொடுத்தாள்.

இருவரும் இணை சேர்ந்த ஆறாவது வாரத்தில் எடுத்த காணொளியில் இது இருக்கிறது. வேலையில் குறை ஏதும் இல்லை. பொருளைச் சரியாக அடையாளம் கண்டாள், பல் பதியாமல் கவ்வினாள், வழியில் நழுவவிடவில்லை. கொண்டுபோய்ச் சேர்த்த இடம்தான் தவறு. அந்தத் தவறுக்குக் காரணம் நாங்கள் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு மேலும் மூன்று வாரங்கள் ஆயின. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். கை கால் இயக்கம் இழந்தவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய வழி தேடுவது என் பணி. இந்த நிகழ்வில் நாய்ப் பயிற்சியாளர் ஒருவரும் என்னுடன் இருந்தார். பயனாளரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். நாயின் பெயரை மட்டும் விட மனம் வரவில்லை.

அவர்

வயது 31. ஆழம் குறைந்த நீரில் தலைகீழாகப் பாய்ந்ததில் கழுத்து எலும்பு முறிந்தது. தண்டுவடத்தில் 6ஆவது கழுத்து நரம்பு மட்டத்துக்குக் கீழே உணர்வும் இயக்கமும் முற்றிலும் போய்விட்டன. விபத்து நடந்து நான்கு ஆண்டுகள் கழித்து எங்களிடம் வந்தார்.

இந்த மட்டத்தில் காயம் பட்டவருக்கு எது இருக்கிறது, எது இல்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்த எல்லாம் இதில்தான் தொங்குகிறது. தோளை அசைக்க முடியும். முழங்கையை மடக்க முடியும். ஆனால் அதை நீட்டும் தசைக்குப் போகும் முதன்மையான நரம்பு 7ஆவது, அது இவருக்கு இல்லை. மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்க முடியும். விரல்களைத் தன் விருப்பத்தில் மடக்க முடியாது. ஆனாலும் மணிக்கட்டைத் தூக்கும்போது தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே சற்று உள்ளே மடங்கும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் அவை விரியும். இந்தத் தளர்ந்த பிடியைக் கொண்டு லேசான பொருள்களைப் பிடிக்கப் பழகலாம். ஒரு காகிதத்தைப் பிடிக்கலாம். கடலைப் பருப்பு அளவுள்ள ஒன்றைக் கிள்ளி எடுத்து, வேண்டிய இடத்தில், வேண்டிய நொடியில் விடுவது வேறு விஷயம்.

மூச்சும் முக்கியம். உதரவிதானத்துக்குப் போகும் நரம்புகள் காயத்துக்கு மேலே இருப்பதால் அவர் தானாக மூச்சு விடுகிறார். விலா இடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் வேலை செய்வதில்லை. அதனால் பலமாக இருமவோ உரக்கக் கூப்பிடவோ முடியாது. அவருடைய குரல் மென்மையானது. களைத்த மாலை நேரங்களில் அது கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாகிவிடும்.

மின்சக்கர நாற்காலியை அவரே ஓட்டுகிறார். கணினியில் வரைபட வேலை செய்கிறார். அக்காவோடு வசிக்கிறார். முதல் சந்திப்பில் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒரு நாளில் எத்தனை தடவை 'அக்கா' என்று கூப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதைக் குறைக்க வேண்டும்" என்றார். ஒரு வாரம் அந்த அழைப்புகளைக் குறித்து வைக்கச் சொன்னோம். நோட்டுப் பக்கங்கள் நிரம்பி வந்தன. பெரிய வேலைகள், அதாவது படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, குளிப்பாட்டுவது, சிறுநீர்க் குழாயைக் கவனிப்பது, எல்லாம் சேர்ந்தும் அந்தப் பட்டியலில் சிறு பகுதிதான். மற்றவை விழுந்த பேனா, விழுந்த ரிமோட், சரிந்த போர்வை, மூட வேண்டிய கதவு, அணைக்க வேண்டிய விளக்கு. ஒவ்வொன்றும் அரை நிமிட வேலை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் தன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து வர வேண்டும். உதவி நாய்க்கு ஏற்ற வேலைகள் இவைதான்: சிறியவை, அடிக்கடி வருபவை, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடப்பவை.

நிலா

லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் கலந்த பெண் நாய், வயது 2, எடை 27 கிலோ. இந்த இரு இனங்களையும் அவற்றின் கலப்பையும் உதவி நாய் நிறுவனங்கள் பெரிதும் நாடுவதற்குக் காரணம் அழகு அன்று. வேட்டையில் விழுந்த பறவையைச் சிதைக்காமல் கொண்டுவந்து கொடுக்க வளர்க்கப்பட்ட பரம்பரை அவை. மென்மையாகக் கவ்வும் வாயும், கொண்டுவந்து ஒப்படைக்கும் விருப்பமும் பிறவியிலேயே இருக்கின்றன. கூடவே உணவின்மேல் தீராத ஆசை. அந்த ஆசைதான் பயிற்சிக்கு எரிபொருள். எங்கள் சிக்கலின் வேரும் அதுதான்.

பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களின் முறையான பயிற்சி முதல் உலகப் போரின்போது, 1916இல், ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கியது. போரில் கண் இழந்த வீரர்களுக்காக. நடக்கவோ கையைப் பயன்படுத்தவோ முடியாதவருக்கும் நாய் துணை செய்யலாம் என்ற எண்ணம் அமைப்பாக உருவெடுக்க அதற்குப் பிறகு ஏறக்குறைய 60 ஆண்டுகள் பிடித்தன. 1975இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசாவில் பானி பெர்கின் தொடங்கிய நிறுவனம் இதில் முன்னோடி. நாய்க்குட்டியை ஏறக்குறைய எட்டு வாரத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் விட்டு, ஒன்றரை வயதுவாக்கில் திரும்பப் பெற்று, பல மாதங்கள் தேர்ந்த பயிற்சி கொடுத்து, பிறகு பயனாளரோடு சேர்த்துப் பயிற்றுவிப்பது இன்று பல நாடுகளில் உள்ள நடைமுறை. நிலாவும் இப்படித்தான் வந்தாள். இடுப்பு, முழங்கை மூட்டுகளின் எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவாள், ஆனால் சில நொடிகளில் மீண்டுவிடுவாள். பயிற்சி தொடங்கும் நாய்களில் பல இந்த இரண்டு வாசல்களிலேயே நின்றுவிடும். அவை கெட்ட நாய்கள் அல்ல. இந்த வேலைக்குப் பொருந்தாதவை, அவ்வளவுதான்.

அவளுக்குக் கற்பித்த வேலைகளில் மையமானது பொருளை எடுத்துத் தருவது. இதைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பார்கள். முதலில் கையில் கொடுத்த பொருளை வாயில் அமைதியாகப் பிடித்திருக்க வேண்டும். அடுத்து, பிடித்ததைக் கையில் விட வேண்டும். பிறகு ஓரடி நடந்துவந்து விட வேண்டும். தரையிலிருந்து எடுப்பது அதற்கும் பின்னால். இந்த வரிசையில் போனால், நாய் எந்தப் படியில் நின்றாலும் அடுத்து வருவது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த படி. உலோகத்தைக் கவ்வ அவளுக்குப் பிடிக்கவில்லை. சாவிக்கொத்துக்குத் தோல் பட்டை ஒன்று கட்டினோம். கதவைக் கைப்பிடியில் கட்டிய கயிற்றால் இழுப்பாள், மூக்கால் தள்ளி மூடுவாள். விளக்கின் சுவிட்சைத் தட்டுவாள். காலுறையின் நுனியைப் பிடித்து இழுத்துக் கழற்றுவாள். "கூப்பிடு" என்றால் வீட்டில் இருக்கும் இன்னொருவரைத் தேடிப்போய் மூக்கால் இடித்து, அவர் பின்தொடரும்வரை விடமாட்டாள்.

நாற்காலியை இழுக்கவோ, அவர் உடல் எடையைத் தாங்கவோ அவளைக் கேட்கவில்லை. சில இடங்களில் இதைச் செய்விக்கிறார்கள். நாயின் தோளுக்கும் முதுகுக்கும் அது தரும் பளுவைப் பார்க்கும்போது, மின்சக்கர நாற்காலி வைத்திருப்பவருக்காக அதைக் கேட்பது நியாயமில்லை என்பது எங்கள் இருவருடைய முடிவு.

நாங்கள் தவறாகக் கண்ட காரணம்

இரண்டு வாரக் கூட்டுப் பயிற்சி நன்றாகவே போனது. வீட்டுக்குப் போன முதல் இரண்டு வாரங்களும் அப்படித்தான். மூன்றாவது வாரத்தில் நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரம் நிலாவின் இடது முன்பாதத்தின் ஓரத்தில் ஏறிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, தோல் சிராய்ந்தது. அதற்குப் பிறகு நாற்காலி நகரும் ஒலி கேட்டாலே ஒதுங்கினாள். அழைத்தால் தாமதமாக வந்தாள். ஐந்தாவது வாரத்தில் எடுத்த பொருளைப் பாதி வழியில் போட்டாள். ஆறாவது வாரத்தில் அந்தக் காணொளி.

சக்கரத்தின் மேலுள்ள பயம் என்று முடிவு கட்டினோம். கண்முன்னே ஒரு காயம், அதற்குப் பின் ஒரு மாற்றம். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மூன்று வாரங்கள் நாற்காலியை நிறுத்தி வைத்து, பிறகு ஓரங்குலம் நகர்த்தி, பிறகு மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு படியிலும் உணவு கொடுத்து அந்தப் பயத்தைப் போக்கினோம். பயம் போனது. நாற்காலியின் பக்கத்தில் சாய்ந்து படுக்கும் அளவுக்குப் போனது. ஆனால் பொருள் இன்னும் அக்காவிடமே போய்க்கொண்டிருந்தது.

விடை ஒரு பிற்பகலில் கிடைத்தது. அன்று அக்கா வெளியே போயிருந்தார். நிலா எடுத்த பொருளோடு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பிவந்து அவர் மடியில் வைத்தாள். அதே நாற்காலி, அதே சக்கரம். பயம்தான் காரணம் என்றால் அக்கா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றாக இருக்க வேண்டும். பயிற்சியாளர் பழைய காணொளிகளை எல்லாம் எடுத்து மறுபடி ஓடவிட்டார். இந்தத் தடவை நாயைப் பார்க்கவில்லை. நாயின் வாய்க்கு உணவு வந்து சேரும் நேரத்தைப் பார்த்தார்.

கையில் இருந்த விடை

நாய் ஒரு செயலைச் செய்ததும் பரிசு உடனே வர வேண்டும், ஓரிரு நொடிக்குள். தாமதித்தால், எந்தச் செயலுக்குக் கிடைத்தது என்பது நாய்க்குத் தெளிவாகாது. அதற்காகவே "ஆம்" போன்ற ஒரு குறிச்சொல்லைப் பழக்குகிறார்கள்: சொல் கேட்ட நொடியில் செய்தது சரி என்று நாய் அறியும், உணவு அதைத் தொடர்ந்து வரும். பயிற்சிக் கூடத்தில் நிலாவுக்கு அந்தச் சொல் தெளிவான, உயர்ந்த குரலில் வந்தது. உணவு ஒரு நொடியில் வந்தது.

இவருடைய வீட்டில் என்ன நடந்தது? இடுப்பில் கட்டிய பையிலிருந்து ஓர் உணவுத் துண்டை எடுக்க அவர் மணிக்கட்டைத் தூக்குவார், விரல்கள் மடங்கும், துண்டு நழுவும், மறுபடி முயல்வார். சில தடவை பத்து நொடிக்கும் மேல் ஆயிற்று. பல தடவை துண்டு தரையில் விழுந்தது. நிலா அதைத் தரையிலிருந்து தின்றாள். அதாவது, பொருளைக் கொடுத்ததற்குப் பரிசு கிடைக்கவில்லை. தரையை முகர்ந்ததற்குக் கிடைத்தது. அதன் பிறகு அவள் தரையை முகர்ந்துகொண்டே திரிந்ததைக் கவனக்குறைவு என்று நான் என் குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவள் கற்றுக்கொண்டதைச் செய்தாள்.

இன்னும் பின்னால் போனோம். கூட்டுப் பயிற்சியின் காணொளிகளில் அவர் கட்டளை சொல்கிறார், நிலா பொருளை அவர் மடியில் வைக்கிறாள், அவருக்குப் பின்னால் நிற்கும் பயிற்சியாளர் கையை நீட்டி உணவைக் கொடுக்கிறார். அவர் தடுமாறக் கூடாது, நாய் காத்திருக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் நாய் அங்கே படித்த பாடம் இது: நாற்காலியில் இருப்பவர் கேட்பார், நிற்பவர் கொடுப்பார். வீட்டுக்கு வந்தபின் நிற்பவர் அக்கா. காலையும் மாலையும் உணவுக் கிண்ணத்தை வைப்பவரும் அக்காதான். நிலா கைப்பேசியை யாரிடம் கொண்டுபோவாள்?

நான் என் பங்கையும் சொல்ல வேண்டும். விரல் மடங்காத ஒருவர் எப்படிப் பற்பசையைப் பிதுக்குவார், எப்படிக் கரண்டியைப் பிடிப்பார் என்று நாள் முழுக்க யோசிப்பவள் நான். அவர் நாய்க்கு எப்படி உணவு கொடுப்பார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அவர் பெறப்போகும் உதவிகளை மட்டும் பட்டியல் போட்டேன். அவர் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அது இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது என்பது என் மதிப்பீட்டுப் படிவத்தில் எங்கும் இல்லை.

என்ன மாற்றினோம்

முதலில் கரண்டியை முயன்றோம். உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் பட்டையில் நீண்ட கரண்டியைச் செருகி, அதில் மென்மையான உணவைத் தடவி நக்கக் கொடுப்பது. உணவு நேரத்துக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கரண்டியை மறுபடி நிரப்ப அக்கா வர வேண்டியிருந்தது. இரண்டு நாளில் கைவிட்டோம்.

இரண்டாவது அமைப்பு நிலைத்தது. மடியில் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு. அதில் உலர் உணவுத் துண்டுகள். தட்டின் இடது ஓரத்தில் ஒரு துளை. துளையிலிருந்து ஒரு குழாய் கைதாங்கியை ஒட்டிக் கீழே இறங்கி, நாயின் மூக்கு உயரத்தில் நாற்காலியோடு இணைத்த சிறு கிண்ணத்தில் முடிகிறது. கிள்ள வேண்டியதில்லை, பிடிக்க வேண்டியதில்லை. கையின் ஓரத்தால் ஒரு துண்டைத் துளைக்குள் தள்ளினால் போதும். அதற்குத் தோள் போதும், அவருடைய தோள் வலுவானது. துண்டு குழாயில் உருளும் ஓசையே நிலாவுக்கு இன்னொரு குறியாகிவிட்டது. பரிசு எப்போதும் நாற்காலியின் இடப்பக்கத்தில் வருவதால், அவள் பொருளோடு வந்து நிற்கும் இடமும் அதுவே ஆனது. தட்டைக் காலையில் ஒருமுறை நிரப்பினால் நாள் முழுக்க ஓடும்.

குரலுக்கு வழி அவரே கண்டார். மூச்சு வலுவில்லாமல் "ஆம்" என்பது சில நேரம் கேட்காமலே போய்விடும். ஒருநாள் பேச்சுக்கு நடுவே நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டக்' என்று சொடுக்கினார். நிலாவின் காது நிமிர்ந்தது. நாக்குச் சொடுக்குக்கு நுரையீரல் காற்று தேவையில்லை. நாக்கை இயக்கும் நரம்பு மண்டையோட்டிலிருந்து வருவது, தண்டுவடக் காயம் அதைத் தொடவில்லை. காலையிலும் மாலையிலும் அந்த ஒலி ஒரே மாதிரி வரும். பயிற்சியாளர்கள் கையில் வைத்து அழுத்தும் சொடுக்குக் கருவியின் வேலையை அவர் வாய் செய்தது. மூன்று நாளில் அந்த ஒலிக்குப் பொருள் ஏற்றிவிட்டோம்.

கட்டளைகளையும் மாற்றினோம். பயிற்சியாளர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அளவுக்கே குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் முதல் படியிலிருந்து மறுபடி கற்பித்தார். நாய்களின் செவி கூர்மையானது. மெல்லிய குரல் அவளுக்குக் கேட்காமல் இல்லை. அந்த மெல்லிய குரல் தன்னிடம் பேசுகிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

இதையெல்லாம்விடக் கடினமானது அக்காவின் பகுதி. இனி நிலாவுக்கு ஒரு பருக்கை உணவும் அக்கா கையிலிருந்து போகக் கூடாது. அவள் பொருளைக் கொண்டுவந்தால் கைகளைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்க்க வேண்டும். கீழே எது விழுந்தாலும் குனியக் கூடாது. சொல்லும்போது எளிதாக இருந்தது. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நான்கு ஆண்டாக இவன் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்துக் கொடுத்துப் பழகியிருக்கிறேன். இவன் கண் எங்கே போகிறது என்று பார்த்தே என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்வேன். இப்போது அவன் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நில் என்கிறீர்கள்."

அவர் தம்பி நாற்காலியைத் திருப்பி, "சும்மா நிற்க வேண்டாம், அக்கா. அந்த நேரத்தில் நீ வெளியே போ" என்றார்.

அந்த வார்த்தை எப்படி விழும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அக்கா உள்ளே போய்விட்டார். மறுநாள் மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தான் வெளியே இருக்க வேண்டும் என்று கேட்டார். முதல் வாரம் அரை மணி நேரம் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். உள்ளே ஏதோ விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாராம். நிலாவோடு விளையாடவும் தடவிக்கொடுக்கவும் அவருக்கு எந்தத் தடையும் இல்லை என்பதை அழுத்திச் சொன்னோம். அன்பை நிறுத்தச் சொல்லவில்லை, ஊதியத்தை மட்டும்தான்.

மாலை உணவையும் தம்பியே கொடுக்கத் தொடங்கினார். மூடியில் வளையம் கட்டிய ஒரு கொள்கலன். வளையத்தில் மணிக்கட்டை நுழைத்துத் தூக்கினால் திறக்கும். கொள்கலனைச் சாய்த்தால் அதே குழாய்வழி உணவு இறங்கும். முதல் நாள் பாதி மடியிலும் பாதி கிண்ணத்திலும் விழுந்தது. நிலா அவர் மடியில் முன்கால்களை வைத்துக்கொண்டு தட்டை நக்கினாள். ஒழுக்கக் குறைவு என்று பயிற்சியாளர் அதைத் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. தடுக்காதது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

முறை மாறிய நான்காவது வாரத்தில், அக்கா அதே சமையலறை வாசலில் நிற்கையில், நிலா விழுந்த ரிமோட்டை எடுத்து நாற்காலியின் இடப்பக்கம் கொண்டுவந்தாள். வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓர் இரவு

தண்டுவடத்தில் மார்பு நரம்பு 6ஆவது மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு; கழுத்தில் காயமுள்ள இவருக்கும்தான். காயத்துக்குக் கீழே சிறுநீர்ப்பை நிரம்பியோ, மலம் கட்டியோ, தோலில் ஏதாவது அழுத்தியோ தூண்டல் ஏற்பட்டால், உடல் அதற்குக் கட்டுப்பாடில்லாமல் எதிர்வினை செய்து இரத்த அழுத்தம் திடீரென ஏறும். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், நெற்றியில் வியர்வை. நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். தாமதித்தால் மூளையில் இரத்தக் கசிவுவரை போகலாம். அதனால்தான் "கூப்பிடு" என்ற வேலையைப் பட்டியலில் முதலிடத்தில் வைத்திருந்தோம்.

ஏழாவது மாதத்தில் ஓரிரவு அவருக்குத் தலைவலி தொடங்கியது. அழைப்பு மணியின் பொத்தான் போர்வையோடு சரிந்து கட்டிலின் அந்தப் பக்கம் போயிருந்தது. குரல் எழவில்லை. நாக்கைச் சொடுக்கினார், நிலா எழுந்தாள், "கூப்பிடு" என்றார். அக்கா விழித்தபோது ஈர மூக்கு அவர் கழுத்தில் இருந்தது. சிறுநீர்க் குழாய் மடிந்து அடைபட்டிருந்தது. அதைச் சரி செய்த சில நிமிடங்களில் வலி இறங்கியது.

இந்தச் சம்பவத்தைக் கேட்டவர்கள் நாய் ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்துவிட்டது என்று சொல்ல ஆசைப்படுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. அவர் எழுப்பும்வரை நிலா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆபத்தை அறிந்தவர் அவர், முடிவெடுத்தவர் அவர், நாயை அனுப்பியவரும் அவர். நாய்க்கு அதிசய சக்தியை ஏற்றும்போது அவருடைய இந்தச் செயல் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

ஆய்வுகள் சொல்வதும் நாங்கள் பார்த்ததும்

1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கேரன் ஆலன், ஜிம் பிளாஸ்கோவிச் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையான இயக்கக் குறைபாடுள்ள 48 பேர். பாதிப் பேருக்கு ஆய்வு தொடங்கி ஒரு மாதத்தில் நாய்; மறுபாதிக்கு அதற்கு ஓராண்டு கழித்து. நாய் வந்தபின் மனித உதவியாளர் தேவைப்படும் நேரம் மிகப் பெருமளவு குறைந்தது என்றார்கள். உதவி நாய் நிறுவனங்கள் பலவும் இதை மேற்கோள் காட்டின. ஆனால் விளைவு நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறது என்று மற்ற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். என் அனுபவம் கேள்வி கேட்டவர்கள் பக்கம்தான் நிற்கிறது. படுக்கையிலிருந்து மாற்றுவதையும் குளிப்பாட்டுவதையும் எந்த நாயும் செய்யாது. இவருடைய உதவி நேரத்தைக் கடிகாரத்தில் அளந்தால் குறைவு பெரிதாக இல்லை. குறைந்தது அழைப்புகளின் எண்ணிக்கை. அக்காவின் பிற்பகல் துண்டு துண்டாக உடைவது நின்றது. அதை மணிக்கணக்கில் காட்ட முடியவில்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவரோடு நாய் இருந்தால் வழியில் போகிறவர்கள் புன்னகைப்பதும் பேசுவதும் கூடுகிறது என்று 1988இல் ஜேன் எடி, லினெட் ஹார்ட், ரொனால்ட் போல்ட்ஸ் மூவரும் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது. இதை நாங்களும் பார்த்தோம். முன்பு அவரைத் தாண்டி அக்காவிடம் "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டவர்கள் இப்போது அவரிடமே நாயின் பெயரைக் கேட்கிறார்கள். அதில் ஒரு தொல்லையும் உண்டு. பேசுகிறவர்களில் பலர் கேட்காமலே நாயைத் தடவுகிறார்கள், சிலர் தின்னக் கொடுக்கிறார்கள். வேறு எந்த இணைக்கும் இது தொந்தரவு. இந்த இணைக்கு, வெளியார் ஒருவர் நின்றபடி கொடுக்கும் ஒவ்வொரு துண்டும் பழைய பாடத்தை மறுபடி எழுதுவது. அவர் இப்போது நாக்கைச் சொடுக்கி நிலாவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "வேலையில் இருக்கிறாள்" என்று மட்டும் சொல்கிறார்.

பதினான்காவது மாதம்

வழவழப்பான தரையில் தட்டையாகக் கிடக்கும் அட்டையை எடுக்க நிலாவால் இன்னும் முடிவதில்லை. பாதத்தால் சுவர் ஓரத்துக்குத் தள்ளி, அங்கே விளிம்பைக் கவ்வ முயல்கிறாள். பாதி நேரம் சலித்துப்போய்ப் படுத்துவிடுகிறாள். காலுறை கழற்றும் வேலையை நிறுத்திவிட்டோம். அவருக்குக் காலில் உணர்வில்லை, பல் பட்டால் தெரியாது, தோல் கிழிந்தால் ஆற வாரங்கள் ஆகும். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். நகம் வெட்டுவது, வாரிவிடுவது, கழிவை அள்ளுவது இன்னும் அக்காவின் வேலைதான். நாய் வந்தால் குடும்பத்தின் வேலை குறையும் என்று மட்டும் சொல்லி யாரும் நாயைக் கொடுக்கக் கூடாது. நிலாவுக்குப் பத்து வயது ஆவதற்குள் ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு அவள் எங்கே இருப்பாள் என்பதை அவர் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார்: அதே வீட்டில், அக்காவின் நாயாக.

சென்ற மாதம் அக்கா இரண்டு இரவுகள் வெளியூர் போனார். விபத்துக்குப் பிறகு முதல் தடவை. பராமரிப்பாளர் ஒருவர் காலையும் இரவும் வந்துபோனார். நடுவில் அவரும் நிலாவும் மட்டும். திரும்பிவந்த அக்கா எனக்கு அனுப்பிய செய்தியில் ஒரே வரிதான் இருந்தது. தூங்கினேன் என்று எழுதியிருந்தார்.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது: பயனாளர் பரிசை எந்தக் கையால், எப்படிக் கொடுப்பார்? அதற்கு விடை இல்லாமல் நாயைத் தேர்ந்தெடுப்பதில்லை. போன வாரம் பயிற்சிக் கூடத்துக்குப் போனபோது அடுத்த நாயின் பயிற்சி தொடங்கியிருந்தது. பயிற்சியாளர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரு கை விரல்களையும் மடக்க முடியாதபடி துணிப்பட்டை சுற்றியிருந்தார். மடியில் தட்டு, இடப்பக்கம் குழாய். நாற்காலியிலிருந்து கிசுகிசுப்பாக ஏதோ சொன்னார். கறுப்பு நாய் ஒன்று கூடத்தின் மறுகோடியில் நின்றிருந்த என்னைப் பார்த்தது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, எனக்குப் பின்னால், குழாயில் ஒரு துண்டு உருளும் ஓசை கேட்டது.